முரல் வரைக்கும்

வேதாளையில் இரவு பத்தரை.
பெயர் சொல்லக்கூடாத ஓர் ஊரில்
பெயர் சொல்லக்கூடாத ஒருத்தி
மதியம் ஒன்று இருபத்திரண்டுக்குத் தூங்கப்போனாள்.
அந்தத் தூக்கத்துக்குக் கணக்கு எழுதுவது என் வேலை.

பதினைந்து நிமிடம் ஓர் அலகு.
அதற்கு முன்னால் அடிப்படை அலகு:
எந்த இடம், எவ்வளவு பெரிய காரியம்,
திறந்தார்களா, துளை போட்டு எட்டிப் பார்த்தார்களா.
இது திறந்தது.
"இடுப்பு மூட்டு" என்று மொட்டையாக எழுதிவிட்டு
மயக்க மருத்துவர் கிளம்பிவிட்டார்.
முழு மூட்டையும் மாற்றினால் எட்டு.
அறுவைக் குறிப்பின் நான்காம் பக்கம் வரை போனேன்.
பந்தை மட்டும்தான் எடுத்திருக்கிறார்கள்.
கிண்ணம் அவளுடையதே,
எழுபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து எழுந்த கிண்ணம்.
ஆறு.

சர்க்கரையும் இதயமும் படுத்தும் உடம்புக்கு ஒன்று.
எழுபதைத் தாண்டியதற்கு ஒன்று.
இந்தக் காப்பீடு வயதுக்கும் காசு தரும்,
தராதவைதான் அதிகம்.

பிறகு நேரம்.
மயக்கச் சீட்டில் முடிவு மூன்று ஐம்பத்திரண்டு.
நர்ஸின் குறிப்பில் நான்கு ஏழு.
இடையில் பதினைந்து நிமிடம்
யார் கையிலும் இல்லாமல் கிடக்கிறது.
நானாக ஊகிக்கக் கூடாது.
கேள்வி எழுதி அனுப்பினேன்:
"ஐயா, எது சரி?"
லோகேஷ் சென்னையிலிருந்து தட்டினான்:
"ஒரு யூனிட்டுக்கா இவ்வளவு? குறைச்சலா இருக்கறத போட்டு விடுங்க."
விடவில்லை.
சன்னல் கம்பியில் கட்டிய போனுக்கு
கடல் பக்கமிருந்துதான் சிக்னல் வருகிறது.
காற்று திரும்பினால் அதுவும் போகும்.

சீனிக் காக்கா மண்டபம் ஜெட்டியில்
ஐஸ் பெட்டியோடு வழுக்கி விழுந்த வாரம்
ராம்நாடு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன்.
கதவு சாத்தியது பன்னிரண்டு பத்து.
என் புத்தி போகவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தேன்.
ஏழு, எட்டு, ஒன்பது.
பத்தாவது பாதியில் இருக்கும்போது
ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது, இன்னொன்று உள்ளே போனது.
டாக்டரம்மா வெளியே வரவே இல்லை.
காப்பீட்டு அட்டையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை,
ஆணி, தகடு, கட்டில், கஞ்சி, மயக்கம்.
அந்த ஒன்பதரையை எழுத கட்டமே கிடையாது.

காக்காவுக்கு முதுகில் ஊசி. தூங்கவில்லை.
"சுத்தியல் சத்தம் கேட்டுச்சு,
போட்டுக்கு ஆணி அடிக்கிறாப்புல.
என் இடுப்புத்தான்னு தெரியுது, வலிதான் இல்ல.
அந்தம்மா தலமாட்டுல நின்னுக்கிட்டு
இப்ப என்ன மீனு படுதுன்னு கேட்டுச்சு.
நான் சொன்னேன்.
நகரை, பாறை, விளமீனு, ஊளி, காரப்பொடி.
அப்புறம், அப்புறம்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு.
முரல் வரைக்கும் வந்தேன்,
தையல் முடிஞ்சிருச்சு."

மூன்று மணிக்கு பதில் வந்தது.
"விழித்ததும் நடுங்கினார். கூடவே நின்றேன்.
நான்கு ஏழு என்று திருத்தவும்."
விதி அதுதான்:
வெட்டி முடித்த நிமிடம் கணக்கில்லை,
தைத்து முடித்த நிமிடமும் இல்லை.
ஒப்படைத்துவிட்டு விலகும் நிமிடமே முடிவு.
பத்து பதினொன்றானது.
கூட்டினால் பத்தொன்பது.

சுவருக்கு அப்பால் காக்கா புரளவும் முடியாமல்
முழித்துக் கிடந்திருக்கிறார்.
"இன்னும் என்ன பாக்குற?"
"சொல்லக்கூடாது, காக்கா."
"எனக்கிட்டயா?"
"இடுப்பு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எவ்வளவுக்குப் போவுது?"
"பத்தொம்பது அலகு."
"அத ரூவாயில சொல்லு புள்ள."

சுபுஹு பாங்கு ஆரம்பித்தது.
சொல்லவில்லை.
அடுத்த சீட்டைத் திறந்தேன்: முழங்கால்.