பாதி லோடு

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால்
இடுக்கில் ஒரு ஸ்டிக்கர்.
உப்புக்காற்று தின்றது போக
மிஞ்சியவை இரண்டு கட்டங்கள்.
காலி என்றால் பின் டயருக்கு நாற்பது.
முழு லோடு என்றால் அறுபத்தைந்து.
முன் டயரைப் பற்றி எழுதியிருந்த இடத்தில்
துரு.

காசிமேட்டில் விடிகாலை மூன்றரைக்கு
எனக்குக் கணக்கு தெளிவு.
ஐஸ் பெட்டி இருபத்திரண்டு, அதன்மேல் தார்ப்பாய்,
தார்ப்பாயின்மேல் தூங்கிக்கொண்டே வரும் ஒரு பையன்.
அறுபத்தைந்து.
இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அதே அறுபத்தைந்து.
யார் நின்று காற்றை இறக்குவது?
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்
எண்ணெயில் விழுந்த கடுகாய்த் துள்ளும் வண்டி.
எண்ணூர் நெடுஞ்சாலையின் பள்ளங்களை
என் இடுப்பு பெயர் சொல்லிக் கூப்பிடும்.

"காத்து கம்மின்னா ஓரம் தேயும்,
ஜாஸ்தின்னா நடுவுல தேயும்.
உன்னுது நடுவுல வழுக்கையா கீது பாரு, ரெஜினாக்கா"
என்பான் தேசிங்கு.
ஒரு ரூபாயை நடுக்கோட்டில் செருகிப் பார்த்தேன்.
நிற்கக்கூட இல்லை, விழுந்துவிட்டது.

இது தடைக்காலம்.
படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா கிடக்கின்றன.
வண்டித் தவணைக்குத் தடைக்காலம் கிடையாது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து போன்.
வீட்டுச் சாமான், மணலி புதுநகர் வரைக்கும்.
"எவ்ளோ சாமான்மா?"
"ஒரு வீடு" என்றாள் அம்சவேணி.
பிறகு, கொஞ்சம் நின்று,
"பாதி."

சிலிண்டர் வந்தது, அடுப்பு வரவில்லை.
பீரோ வந்தது.
கிரைண்டரைத் தூக்கும்போது
வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர்
காலை மட்டும் மடக்கிக்கொண்டார்.
போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
சின்னவள் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பெரியவன் கதவைப் பிடித்தபடி நின்றான்.
அவன் கையில் அவளுடைய ஒரு செருப்பு.
ஓடிவந்து கொடுத்துவிட்டு ஓடிப்போனான்.

"இன்னா லோடு?" என்றான் தேசிங்கு.
"பாதி வீடு."
அவன் மேலே ஏறிப் பார்க்கவில்லை.
குனிந்து டயரின் வயிற்றைப் பார்த்தான்.
புறங்கையை வைத்தான்.
"கொதிக்குது. இப்ப அளந்தா பொய் சொல்லும்.
டீ குடிச்சிட்டு வாங்க."
குடித்தோம். அம்சவேணி தன்னுடையதைச்
சின்னவளிடம் தள்ளிவிட்டாள்.
பதினெட்டு வருஷம், என்றாள்.
எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்பதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடு
ஐம்பத்திரண்டரை என்றேன் நான்.
"அது நோட்டுல. ரோட்டுல வேற."
கேஜை அழுத்தி அழுத்தி இறக்கினான்.
உஸ்ஸென்று ஒரு நெடுமூச்சு,
ரப்பர் வாசனையோடு.
வால்வில் எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தான்.
குமிழ் வரவில்லை.
நாற்பத்தெட்டு.
"எந்தக் கட்டத்துல போட்டிருக்கான் அதை?" என்றேன்.
"கட்டம் இல்லக்கா. பீரோ எடப்பக்கம் கீது,
அங்க ரெண்டு கூட வச்சிருக்கேன்."

வண்டி துள்ளவில்லை.
முதல்முறையாக என் வண்டியில்
ஒருத்தி தூங்கி விழுந்ததைப் பார்த்தேன்.
தூங்கவில்லை போல.
கண்ணை மூடிக்கொண்டு
பின்னால் சிலிண்டர் உருள்கிறதா என்று கேட்டிருக்கிறாள்.
"பதமா ஓட்டுறீங்க" என்றாள்.
நான் ஓட்டவில்லை, காற்று ஓட்டியது.
அதைச் சொல்லவில்லை.
மாடியேற்றி முடித்தபோதுதான் தெரிந்தது,
பீரோ சாவி கொருக்குப்பேட்டையில்.

திரும்பும்போது வண்டி காலி.
நாற்பத்தெட்டு இப்போது எட்டு அதிகம்.
சடையங்குப்பத்துக்குப் பக்கத்தில்
ஓரங்கட்டி இறங்கினேன்.
ஆணி முனையால் வால்வை அழுத்தினேன்.
ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணி
எட்டில் எடுத்தேன்.
எத்தனை இறங்கியதோ.
கேஜ் தேசிங்கிடம் இருந்தது.