காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர்

புன்டா அரீனாஸில் யாரும்
காற்றைக் குறை சொல்வதில்லை.
வாய் திறந்தால்
சொல்லையும் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

எவாரிஸ்தோ மன்சியா
வெள்ளைச் சுசுகியில் வந்தார்.
வந்தார் என்பதைவிட
வண்டி இருமிக்கொண்டே வந்து
என் ஷெட் வாசலில் உட்கார்ந்துவிட்டது.
டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
மூன்று மாதமாக அதன்மேல்
நண்டுக் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தார்.

"போன மாசம் சென்சார் மாத்தினேன், மிலென்கா.
அதுக்கு முந்தின மாசமும்."

கலவை மெலிவு என்று சொன்னது சென்சார்.
சொன்னதையே கழற்றி வீசியிருக்கிறார்கள்
இரண்டு முறை.
சாட்சியை மாற்றிவிட்டால்
திருட்டு தீர்ந்ததாகக் கணக்கு.

ப்ளக்கைக் கழற்றினேன்.
கரியில்லை, ஈரமில்லை.
கரையில் கிடந்து வெயிலில் காய்ந்த
திமிங்கில எலும்பின் வெளுப்பு.

ஒரு பங்கு பெட்ரோலுக்குப்
பதினாலே முக்கால் பங்கு காற்று,
அதிலும் ஒரு மயிரிழை குறைவு.
சோற்றுக்கு நீர் வைக்கும் கைக்கணக்கு
இங்கே செல்லாது.

ஸ்கேனரைச் சொருகினேன்.
சும்மா நின்று ஓடும்போது
கூட்டல் இருபத்தேழு.
மிதியுங்கள் என்றேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றில்
கூட்டல் ஆறு.
போதும் என்றேன்.
"என்ன போதும்?"

பெட்ரோல் வராத வண்டி
மிதிக்க மிதிக்க மோசமாகும்.
இது ஓடும்போது தேறுகிறது,
நிற்கும்போது திணறுகிறது.
எங்கோ ஓர் ஓட்டை.
வாசலில் பெயர் எழுதாமல்
பின்கட்டு வழியாகக் காற்று உள்ளே போகிறது.

அவர் தலையாட்டினார்.
எனக்கு அந்த இருபத்தேழின்மேல்தான் கண்.
முதலில் மூன்று கூட்டியிருக்கும்.
பிறகு எட்டு.
பிறகு பதினைந்து.
குறைந்ததையெல்லாம்
தன் கையிலிருந்து போட்டுப் போட்டு,
ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாமல்
எத்தனை நூறு கிலோமீட்டர்.
இனிப் போட ஏதுமில்லை என்றான அன்றைக்குத்தான்
விளக்கைப் போட்டது.
அதன்மேல் ஒரு நண்டு.

போர்வெனிரில் எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள்.
போன் செய்து நாளாகிறது.

ஜாம் பாட்டில், மலிவுச் சுருட்டு, சைக்கிள் பம்ப்.
என்னிடம் இருக்கும் புகை இயந்திரம் அவ்வளவுதான்.
முதல் புகையைக் காற்று தின்றது.
இரண்டாவதையும்.
ஷட்டரை இழுத்து மூடினோம்.
கீழிடுக்கில் கோணிப்பை திணித்தோம்.
உடைந்த ஜன்னலுக்கு அட்டை.
இந்த ஊரில் ஒரு கசிவைக் காண
ஊரையே வெளியில் நிறுத்த வேண்டியிருக்கிறது.

டார்ச் வெளிச்சத்தில் காத்திருந்தோம்.
எவாரிஸ்தோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்,
யாரும் கேட்காமலே.

மேனிஃபோல்டுக்கு அடியில்,
கை போனால் கண் போகாத,
கண் போனால் கை போகாத இடத்திலிருந்து
எழுந்தது
ஒரு சாம்பல் நூல்.

கட்டைவிரல் நீள ரப்பர் குழாய்.
வளைவின் உட்பக்கம் ஒரு வெடிப்பு.
மடக்கினால் வாய் திறந்தது,
விட்டால் நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டது.

"இதுவா?"
"இதுதான்."
இரண்டு எம்பனாடா விலை.
இரண்டு சென்சாருக்கு அழுததை
அவர் கூட்டிப் பார்ப்பது
உதட்டசைவில் தெரிந்தது.

புதுக் குழாயைப் பொருத்தி
பழைய கணக்கை அழித்தேன்.
பூஜ்யம்.
கூட்டல் மூன்று. கழித்தல் ஒன்று.
கூட்டல் இரண்டு.
நெடுநாள் படுத்திருந்தவர்
தரையைக் காலால் தொட்டுப் பார்ப்பதுபோல்.

அவர் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார்.
முழுதாக வரவில்லை.
ஒரு கொடுக்கு மட்டும்
விளக்கு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே போனது.

ஷட்டரைத் தூக்கியதும்
புகையோடு அவர் சொன்ன நன்றியையும்
காற்று கொண்டுபோயிற்று.

கை கழுவினேன்.
போர்வெனிரில் மூன்று முறை மணி அடித்தது.
எடுத்ததும் அக்கா,
"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்"
என்றாள்.

நான் இன்னும் கேட்கவேயில்லை.