வயலட் மை

எழுநூற்றைம்பது ரூபாய்.
அதில் ஒரு நூறு ரூபாய்த் தாள்
மைதா படிந்து வெளுத்திருந்தது.
புரோக்கர் பெனடிக்ட் அதை மட்டும்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

விண்ணப்பத்தில் பதினாறு கட்டங்கள்.
பெயர்: தவசீலன்.
மனைவி, ஒரு பெண் குழந்தை.
பூர்வீகம் என்ற இடத்தில் பேனா நின்றது.
அப்பா பிறந்த நுவரெலியாவா,
அவருடைய அப்பா கப்பலேறப் புறப்பட்ட முசிறியா?
கடைசியில் கோத்தகிரி என்று எழுதினேன்.
அதுவும் பொய்யில்லை.
வேலை: வர்க்கி போடுவது.
வேலை நேரம்: இரவு பத்து முதல் விடியல் ஐந்து.

ஃபெர்ன்ஹில் இறக்கத்தில் இருந்தது வீடு.
கதவைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரு குளிர் வந்தது,
வெளியே இருந்ததைவிடப் பழைய குளிர்.
இரண்டு அறை. சமையலறைச் சுவரில் பூஞ்சை.
கிழக்கே ஒரு ஜன்னல்.
அங்கே நின்று சுகிர்தா சொன்னாள்:
"இங்க துணி காயும்."
ஊட்டியில் அது சின்ன விஷயமில்லை.
மகள் வெறுந்தரையில் மல்லாந்து படுத்து
தன் நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாள்.
இருந்தது.
மொத்தம் பதினோரு நிமிடம்.

நான்காம் நாள் போன்.
"கோயம்புத்தூர் அம்மாவுக்கு ஒத்துவரலையாம்."
எது ஒத்துவரலை?
"ஒத்துவரலைன்னா ஒத்துவரலை, தம்பி."

பதினாறில் எந்தக் கட்டம்?
அன்று ராத்திரி மாவைத் தேய்த்து மடித்து
மறுபடி தேய்த்து மடித்து
ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
ராத்திரி வேலையா, முசிறியா,
வெளுத்த அந்த நூறு ரூபாயா.
ஒரு தட்டு வர்க்கி கருகிவிட்டது.
முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார்.
அவராவது கருகியதைக் கண்ணில் காட்டிவிட்டுப் பிடித்தார்.

புதன்கிழமை, மழை, மெயின் பஜார் மாடிப்படி.
"வீடுதான் இல்லேன்னுட்டாங்களே, காசைக் குடுங்க."
"அது வீட்டுக்கான காசில்ல தம்பி.
விண்ணப்பத்துக்கான காசு.
விண்ணப்பம் போய்ச் சேர்ந்துடுச்சில்ல?"
பிறகு கொஞ்சம் இறங்கி வந்து,
"பஸ்ல சீட்டு கிடைக்கலன்னா
டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பியா?"
குன்னூர் வரைக்கும் எத்தனையோ தடவை
நின்றுகொண்டே போயிருக்கிறேன், அண்ணே.
இந்த பஸ் என்னை ஏற்றவே இல்லை.

ரசீதை விரித்தேன்.
அடியில் ரப்பர் ஸ்டாம்ப், வயலட் மை:
கட்டணம் திருப்பித் தரப்ப
அத்தோடு தாள் முடிந்துவிட்டது.

"தரப்படும்னுதானே போட்டிருக்கு?"
"எங்க போட்டிருக்கு?"
"தரப்படாதுன்னு எங்க போட்டிருக்கு?"
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.
இத்தனை வருஷத்தில் அந்த ஓரத்தைப் பற்றி
யாரும் கேட்டதில்லை போல.

ஸ்டாம்பைத் தேடி
மேஜைக் காலண்டரை நகர்த்தினார்.
அப்போதுதான் தெரிந்தது பலகையின் விளிம்பு.
தாளுக்கு வெளியே விழுந்தவை எல்லாம் அங்கே கிடந்தன:
டாது
டாது டாது
காய்ந்த டாதுவின்மேல் ஈரமான டாது
பாதி தேய்ந்து, தலை மட்டும் மிஞ்சிய ஒரு டா.
என்னுடையது எது என்று
கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு.

அவரும் பார்த்தார்.
உள்ளங்கையால் மூடினார்.
கைக்கு அடங்கவில்லை.

டிராயரைத் திறந்து முந்நூறு எடுத்து வைத்தார்.
"இது என் கைக்காசு. வெளிய சொல்லாத."
எண்ணி வாங்கிக்கொண்டேன்.
மீதி நானூற்றைம்பதுக்கு
வேறு ரசீது வேண்டும் என்றேன்.

மையில் ஒற்றி எடுத்த ஸ்டாம்பு கையிலேயே இருக்க
தாளை எங்கே வைப்பதென்று
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.