பத்துச் செக்கன்

சம்மாந்துறை ஆதம்பாவாவின் மார்பில்
ஜெல் தடவி, ஆறு உறிஞ்சிகளை ஒட்டுகிறேன்.
கை கால்களுக்கு நாலு கவ்வி.
காதோரம் தவிட்டுத் தூசி.
ஆலையை நிறுத்திவிட்டு நேரே வந்திருக்கிறார்,
கல்முனை ஆஸ்பத்திரிக்கு.
"கதைக்காதீங்க. சும்மா படுங்க."
கடதாசி ஓடுகிறது, பத்துச் செக்கன்.

சின்ன மேடு, கூர்முனை, பெரிய மேடு.
சின்ன மேடு, கூர்முனை, பெரிய மேடு.
வேலிக் கட்டை நட்டதுபோல் இடைவெளி.

"அப்ப இது பொய் சொல்லிச்சா, புள்ள?"
கழற்றி மேசையில் வைத்த மணிக்கூட்டை
நாடியால் காட்டுகிறார்.
மகள் பஸ்மியா கட்டாரிலிருந்து அனுப்பியது.
மூன்று நாளாக விடியப்புறத்தில்
இங்கிலீசில் ஏதோ எழுதிக் காட்டியதாம்.
மருமகன் போனில் சொல்லிக் கொடுத்தாராம்:
இதயத் தாளம் ஒழுங்கில்லாமல் இருக்கலாம்.

அந்த 'லாம்' இருக்கிறதே, காக்கா,
அதைத்தான் யாரும் வாசிப்பதில்லை.

இது நெஞ்சைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைப் பார்ப்பது.
பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பும்.
இரத்தம் ஏறினால் அது வெளிச்சத்தைக் குடிக்கும்,
வடிந்தால் மிச்சத்தைத் திருப்பித் தரும்.
ஏறின நேரங்களை எண்ணி வைக்கும்.
இங்கினியாகலைக் குளத்தில்
கதவு எப்படித் திறக்கிறார்கள் என்று
உங்கள் வயலின் கடைசி வாய்க்காலில் நின்று
ஒருவன் சொல்வானே, அதுபோல.
பல நாள் சரியாகத்தான் சொல்வான்.
நடுவில் ஒரு எருமை இறங்கினாலும்
கதவு என்றுதான் சொல்வான்.

ஆலைக்குள் அதற்குக் கண் தெரியாது.
மோட்டர் அதிரும், கை அதிரும்,
அது பேசாமல் இருந்துவிடும்.
நீங்கள் கையை அசைக்காமல் உறங்கும்போது
இடைக்கிடை எட்டிப் பார்க்கும்.
பாராத நேரத்தில் துள்ளினது துள்ளினதுதான்.

என் மெசின் மட்டும் என்ன?
பத்துச் செக்கன் பார்த்தது.
டிக்கெட் பரிசோதகர் ஏறும்போது
எல்லாரும் டிக்கெட் எடுத்தவர்கள்தான்.
டொக்டர் ஹோல்டர் எழுதுவார்,
பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிய வேண்டும்.
முறை வர ஆறு கிழமை.

"ஆறு கிழமையா?
அதுவரைக்கும் இதைக் கட்டவா, கழட்டவா?"

மல்லாந்து கிடந்த மணிக்கூடு
மேசையிலிருந்து பச்சையாய்ச் சிமிட்டுகிறது.

மாசியில், பாண்டிருப்பில்,
என் அண்ணன் கோணேசலிங்கம்
நெஞ்சை அமத்துது என்று
இரவெல்லாம் எழும்பி எழும்பி
இப்படி ஒன்றைத்தான் பார்த்திருக்கிறான்.
தாளம் ஒழுங்கு என்றது.
பொய்யில்லை.
தாளம் ஒழுங்காகத்தான் இருந்தது,
அடைத்தது குழாய்.
குழாயைப் பார்க்கத் தனக்குத் தெரியாது என்று
அது பெட்டிக்குள் சின்ன எழுத்தில் சொல்லியும் இருந்தது.
தங்கச்சிக்கு இந்த அறையில்தான் வேலை.
அவளுக்கு ஒரு கோல் எடுக்கவில்லை அவன்.
காலை ஆறரைக்கு எடுத்தது அண்ணி.

நான்தான் அவன் கையிலிருந்து கழற்றினேன்.
மடித்த துவாயொன்றின் மேல் வைத்தேன்.
வெளிச்சம் துவாயைத் துழாவிற்று,
நிறைய நேரம்.
பிறகு ஒரு இலக்கம் வந்தது,
எழுபத்தொன்று.

"புள்ள?"

கட்டுங்க, காக்கா.
உறங்கும்போது கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க.
அது கூப்பிட்டால் திகதியை எழுதிக்கொண்டு வாங்க.
நெஞ்சு நொந்தால் மட்டும்
அதைப் பார்க்க வேண்டாம்,
விடியட்டும் என்று இருக்கவும் வேண்டாம்.
ஓட்டோ பிடியுங்க.

தலையாட்டுகிறார்.
உறிஞ்சிகள் ஒவ்வொன்றாய்ச் சத்தத்தோடு கழல்கின்றன,
மார்பில் ஆறு சிவந்த வட்டங்கள்.
ஜெல்லைத் துடைக்க ஒரு துவாய் கேட்கிறார்.

நான் கடதாசி கிழித்துக் கொடுக்கிறேன்.