ஆபத்தற்ற பொருள்

அம்பகாமம், ஒன்பதாம் பாதை.
காலை ஏழு இருபதுக்குக் கருவி கத்தியது.

அதற்கு ஒரே குரல்தான்.
மிதிவெடிக்கும் அதே,
செல் துண்டுக்கும் அதே,
ஆரோ ஒரு பிள்ளையின்
செருப்பு வார்க் கொளுக்கிக்கும் அதே.
முழந்தாளில் இருந்து
பக்கவாட்டாக மண்ணை எடுத்தேன்,
நித்திரைப் பிள்ளையின் காதுக்குள்ளிருந்து
எறும்பு எடுப்பது போல.

நாற்பது நிமிடம்.
வெளியில் வந்தது ஒரு காசு.

சதுரம். மூலைகள் மழுங்கல். பாரமில்லை.
அஞ்சு சதம் என்றேன் முகக்கவசத்துக்குள்.
தண்ணீர்ப் போத்தலைச் சரித்துக் கழுவினால்
ராணி.
எங்கள் காசை விட்டு அவ இறங்கிப் போனது
என் அம்மா பிறக்க முதல்.
மறுபக்கம் ஐந்து இல்லை, இரண்டு.
கிழக்குக் கரீபியன் என்று எழுதியிருந்தது.

தேத்தண்ணி நேரம்
பாலைமர நிழலில் தர்மிகா போனில் தேடினாள்.
சுளகிலிருந்து சிந்தின குறுணல் மாதிரித் தீவுகள்.
எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரு காசு.
அதுக்கு முதல், வெகுகாலம் முதல்,
டொமினிக்கா என்ற தீவில்
சில்லறை நிற்கவே இல்லையாம்.
வந்த ஸ்பானிய வெள்ளியெல்லாம்
அடுத்த கப்பலில் ஏறிப் போய்விடுமாம்.
பிடித்து வைக்க ஒரு வழி கண்டார்கள்:
ஒவ்வொரு வெள்ளியின் நடுவிலும்
பல்லுப் பல்லாய் ஒரு ஓட்டை.
ஓட்டைக் காசை வெளியில் ஆர் எடுப்பான்?
அது ஊரோடு கிடந்தது.
வெட்டி எடுத்த நடுத்துண்டையும் வீணாக்கவில்லை,
அதற்கொரு பெயர், அதற்கொரு விலை,
அதுவும் சந்தைக்குப் போனது.

"கரும்பு வெட்டின சனத்துக்கு என்ன குடுத்தவையாம்?"
சூசானா கேட்டாள்.
தர்மிகா விரலால் தள்ளித் தள்ளி வாசித்தாள்.
"அதுகளுக்குக் குடுக்கேல்லை.
அதுகளைத்தான் காசு குடுத்து வாங்கினது."
பிஸ்கற் பக்கற் அப்படியே திறந்து கிடந்தது.
எறும்பு வந்தது.

எனக்கு அந்த ஓட்டையை விட்டு மனம் வரவில்லை.
தர்மிகாவின் இடது தோளுக்குக் கிட்டக்
கருவியைக் கொண்டுபோனால் கத்தும்.
ஒவ்வொரு காலையும் கருவி சரிதானா என்று
இரும்புத் துண்டை வைத்துப் பார்க்க வேண்டும்.
அவள் சில நாள் தோளைக் காட்டுவாள்,
சிரிப்போம், மேலாளர் ஏசுவார்.
கட்டாருக்குப் போக எல்லாம் சரிவந்து
எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளியில்
ஏஜென்சிக்காரன் விரல் வைத்து நிறுத்தினான்.
அவள் எங்களோடு நின்றுவிட்டாள்.
இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.
அவளே வாசித்தவள்தானே.

பின்னேரம் சிவப்பு நாடாவுக்கு அங்கால்
சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றா கனகாம்பிகை அக்கா.
காணி அவவின்ரை.
தன் கிணற்றைத் தூரத்திலிருந்து பார்க்க
கிழமையில் மூன்று நாள் வருவா.
காசை உயர்த்திக் காட்டினேன்.

"என்ரை தம்பி கப்பலிலை சமையல்.
கண்ட கண்ட நாட்டுக் காசெல்லாம் அனுப்புவான்."
கண்ணைச் சுருக்கினா.
"இது இல்லை. அவன் அனுப்பினது எல்லாம் வட்டம்."
பிறகு,
"இதாலை எத்தினை ஆயிரம் சனம் போனது, பிள்ளை.
ஆரின்ரை மடியிலையிருந்து விழுந்ததோ."
திரும்பப் பார்த்துச் சிரித்தா:
"அந்த நாளையிலை எண்டால்
மாங்குளம் பஸ்ஸிலை அஞ்சு சதமெண்டு குடுத்திருக்கலாம்.
கொண்டக்டர் பாத்திருக்க மாட்டான்."

படிவத்தில் எழுதினேன்:
நாணயம், ஒன்று.
ஆழம், ஒன்பது சென்ரிமீற்றர்.
வகை, ஆபத்தற்றது.
ஆணிகள் கிடந்த வாளிக்குள் போட்டேன்.
விழுந்த சத்தம்
அசல் அஞ்சு சதத்தின் சத்தம்.

அக்கா இன்னும் போகவில்லை.
சைக்கிள் மணியை ஒருக்கால் அடித்தா, என்னைக் கூப்பிட.
"கிணத்தடிக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு?"

இருபத்தாறு மீற்றர், என்றேன்.
மழை வராவிட்டால்.