முதல் பட்டதாரி

மழை விடவில்லை.
மூன்று நாளாக வெட்டு இல்லை.
சிரட்டைகளில் பாலுக்குப் பதில் வெள்ளம் நிறைந்து
மரத்தடியில் வழிகிறது.
வெட்டில்லாத நாளுக்குக் கூலி இல்லை.
அபிஷா அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்:
வருடத்தில் நூறு நாள் மழை,
மீதி நாள் அண்ணன்.

ஷீட்டுக் கடை ரசீதின் பின்பக்கம்
கோடு கிழித்து மூன்று கல்லூரிகள்.
கோயம்புத்தூர் சர்க்கார் கல்லூரி: ஃபீஸ் குறைவு,
ஆஸ்டல், மெஸ், ஆண்டுக்கு நாலு தடவை ரயில்.
அந்த நாலு தடவையும் அம்மா அழுவாள்,
அதற்குக் காசு வேண்டாம்.
மார்த்தாண்டம் பக்கம் தனியார் கல்லூரி:
வீட்டு முக்குக்கே பஸ் வரும்,
பஸ்ஸுக்குத் தனியாக இருபதாயிரம்.
நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணக்கு:
எல்லாம் கூட்டினாலும் வருடத்துக்கு ஒரு கிடாய் விலை.
அந்தப் பத்தியை மட்டும்
பேனாவை அழுத்தாமல் எழுதியிருந்தாள்.

போன வாரம் கடன் கேட்டு
குலசேகரம் பேங்குக்குப் போனோம்.
அண்டி ஆபீஸில் பதினாறு வருடம் தோடு உடைத்த
அம்மாவின் பெருவிரலை
இயந்திரம் ஏற்கவில்லை.
சேலையில் துடைத்து வைத்தாள்.
அடுத்த விரல். அடுத்த கை.
மேனேஜர் நல்ல மனுஷன்தான்.
ஆதாரைப் புதுப்பித்துக்கொண்டு வாங்கம்மா என்றார்.
அண்டிப்பால் தின்ற ரேகையை
எங்கே கொண்டுபோய்ப் புதுப்பிக்க?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபீஸே இல்லையாம்.
அபிஷா படித்த பள்ளியின் பெயருக்கு முன்னால்
ஒரு புனிதர் இருந்தார்.
வாத்தியார்களுக்குச் சம்பளம் தந்தது சர்க்கார்,
பெயர் வைத்தது திருச்சபை,
நடுவில் இருந்த இடுக்கில்
இவள் விழுந்துவிட்டாள்.

பிறகு திரையில் அந்தக் கேள்வி வந்தது:
குடும்பத்தில் முதல் பட்டதாரியா?
ஆம் என்றால் வருடத்துக்கு இருபத்தையாயிரம் கழியும்.

அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டில் இருக்கிறது.
கோபுர முத்திரை, லேமினேஷன்,
அலமாரியில் ரேஷன் கார்டுக்குக் கீழே.
பெயர்: அஜின் றசல். நான்.
ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் அது.
மெக்கானிக்கல் சேர்ந்தேன்,
பதினொரு அரியரோடு இறங்கிவந்தேன்.
எங்கள் வீட்டில் இன்றுவரை
பட்டம் வாங்கியவர் யாருமில்லை.
முதல் பட்டதாரி மட்டும்
தீர்ந்துபோனார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
'இல்லை'யைத் தொட்டாள்,
கொசுவைத் தட்டுகிற மாதிரி.

தனியார் கல்லூரிக்காரர்கள்
வீடு தேடி வந்து தந்த நோட்டீஸை எடுத்தாள்.
இவள் மார்க்குக்குப் பாதி ஃபீஸ் தள்ளுபடி.
அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.
ஏழாவது வரிய வாசி பிள்ளே.
கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வாசித்தாள்:
ஒரு பேப்பர் போனாலும் சலுகை ரத்து.
எழுதிக்கோ என்றேன்.
பரீட்சைக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, யூனிஃபார்ம் ரெண்டு செட்,
வேலைவாய்ப்புப் பயிற்சி என்று ஒரு பன்னிரண்டாயிரம்,
கட்டப் பிந்தினால் நாளொன்றுக்கு ஐம்பது,
திருத்திய பேப்பரை மறுபடி திருத்தச் சொல்ல எழுநூறு.
நோட்டீஸில் இல்லாததெல்லாம் எனக்கு மனப்பாடம்.
அங்கே நான் உருப்படியாகப் படித்தது
இது ஒன்றுதான்.

ரசீது போதவில்லை.
இன்னொன்றைத் திருப்பினாள்.
ஒனக்க அரியருக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு, அண்ணா?
குத்துவதற்குக் கேட்கவில்லை, கணக்குக்குக் கேட்டாள்.
சொன்னேன்.
எழுதிவிட்டு மெல்ல விசிலடித்தாள்.
ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.
அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து
என்னவாம் என்றாள்.
ஒண்ணுமில்ல என்றோம், ஒன்றாக.

கரண்ட் போனது. போனில் பத்தொன்பது சதவீதம்.
கோயம்புத்தூரை முதலில் போட்டுப் பூட்டினாள்.
மார்த்தாண்டம் பத்தியை அடித்தாள்.
நாகர்கோவிலை அடிக்கவில்லை,
அந்த ரசீதை மடித்து பைபிளுக்குள் வைத்தாள்.

மூன்று மணிக்கு மழை விட்டிருந்தது.
ஹெட்லைட்டை நெற்றியில் கட்டிக்கொண்டு இறங்கினேன்.
ஈரப்பட்டையில் கத்தி வைக்கக் கூடாது.
காய்ந்திருக்கிறதா என்று
ஒவ்வொரு மரமாக
உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு போனேன்.