அளவு இருபத்து மூன்றரை

போச்சம்பள்ளி சிப்காட்டில்
பனியில் சறுக்குகிறவர்களின் பூட்ஸுக்கு
உள்ளுறை தைக்கிறோம்.
வெளி ஓடு வேறு தேசத்தில் வார்த்து வருகிறது,
பார்க்க டிராக்டர் மட்கார்டு மாதிரி இருக்கும்.

நான் இப்போது தையலில் இல்லை.
பெண்கள் மாடலுக்கு என் கால்தான் தாய் அளவு.
முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தி
அளந்து, என்னைப் பிடித்தார்கள்.
குதிகால் வெடிக்கக் கூடாதென்று
கம்பெனியே களிம்பு தருகிறது.

ஒரு குறை உண்டு.
பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம்.
பெண் பார்க்க வந்த அன்று
காரிமங்கலத்து அத்தை ஒருத்தி குனிந்து பார்த்து
"புருஷனை அடக்கிடுவா" என்றாள்.
மாதேஷ் அதைக் கேட்டும் கட்டிக்கொண்டான்.
டிப்பர் ஓட்டுகிறவன்.
அடக்க, வீட்டில் இருந்தால்தானே.

மெட்டியைக் கழற்றி லாக்கரில் வைத்தபின்
நான்கு கொக்கிகளையும் திம்மக்கா பூட்டுவாள்.
பிறந்த கன்று போல் தடுமாறி
குளிர் அறைக்குள் போவேன்.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
வெளியே கேன்டீன் சுவரில் முப்பத்தொன்பது.
நாற்பது நிமிடம்.
சுண்டுவிரல் மரத்தால் மணி அடிக்க வேண்டும்,
அடித்தால் அந்த ஜோடி தோல்வி.
மரத்தும் அடிக்காமல் நின்றிருக்கிறேன்,
மாச டார்கெட் இருந்தது.

எங்கள் வேலை எங்கே போய்ச் சேருகிறதென்று
ஒருநாள் படம் போட்டுக் காட்டினார்கள்.
கம்பியில் தொங்கும் நாற்காலிகள்
மலை ஏறி, ஆளை உதறிவிட்டு
காலியாக இறங்குகின்றன.
நாற்காலி ஏற்றிவிட, மனிதர்கள் வழுக்கி வர,
அத்தனை பெரிய மலைக்கு வேறு வேலையே இல்லை.
ஒற்றைப் பலகையில் இரண்டு காலையும் கட்டிக்கொண்டு
பக்கவாட்டில் போகிறவர்கள் வேறு கூட்டமாம்,
அந்த பூட்ஸ் நம்ம ஆர்டர் இல்லை.
திம்மக்கா கேட்டாள்:
"கீழ வந்து என்ன பண்ணுவாங்க?"
"மறுபடி மேல போவாங்க."
"மேல சாமி இருக்கா?"
"இல்ல."
அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

பர்கூர் ரோட்டில் கிரானைட் பட்டறைகளுக்குப் பின்னால்
அறுத்த கல்லின் மாவு குன்றாய்க் கிடக்கிறது,
கண் கூசும் வெள்ளை.
மாதேஷ் கொட்டியதும் அதில் உண்டு.
நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்து
பையன்கள் அதில் உட்கார்ந்து வருவார்கள்.
ஆளில்லாத ஒரு ஞாயிறு உச்சிப்பொழுதில்
புடவையைத் தூக்கிச் சொருகி
நான் நின்றே வந்தேன்.
முழங்காலை மடக்கி, முன்னால் சாய்ந்து.
பயந்தவள்தான் பின்னால் சாய்வாள்.

ஐந்து விநாடி இருக்கும்.
பாதியில் டிப்பர் வந்து நிற்பது தெரிந்தது.
நிறுத்த எனக்குத் தெரியாது,
எங்கள் சோதனையில் அது கிடையாது.
டயருக்கு இரண்டடி முன்னால் குப்புற விழுந்தேன்.
திட்டுவான் என்று கிடந்தேன்.
டிரம்மைப் புரட்டிப் பார்த்து
"எவ்வளவு வெயிட் தாங்குது?" என்றான்.

பனியாயிருந்தால் உருகியிருக்கும்.
இது காதுக்குள் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் விரல் வீங்கி
மெட்டி கழன்று வரவில்லை.
யாரிடமும் சொல்லாமல் சாக்ஸை இழுத்துவிட்டேன்.
சூடேற்றிய நுரை
என் காலைச் சுற்றி ஆறி இறுகும் நாள் அது.
மேனேஜர் தொட்டுப் பார்த்து ஓகே என்றார்.
அந்த அச்சில் நாலாயிரம் ஜோடி
கன்டெய்னர் ஏறிப் போயிற்று.

எந்த மலையிலோ எவளோ ஒருத்தி
நாற்காலியை விட்டிறங்கிக் கொக்கி பூட்டும்போது
இரண்டாம் விரலைச் சுற்றி
வளையமாய்க் கொஞ்சம் இடம் சும்மா இருக்கும்.
தையல் கோளாறு என்று நினைப்பாள்.
அவளுக்கு நிறுத்தத் தெரிந்திருக்கும்.